வேலை பார்த்து வந்த பிக்கப் ஸ்டார்ட் ஆகாவிட்டால்...

மளிகை வணிகத்தில் கடைக்கு அடுத்தபடியாக நம்மைத் தாங்கி நிற்பது சரக்கு வண்டிதான். மொத்தக் கடையானாலும் சரி, சில்லறைக் கடையானாலும் சரி, வண்டி நின்றால் சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். போனவர் திரும்பி வருவாரா என்பது நம் கையில் இல்லை.

நம்மில் பலர் வைத்திருப்பது புது வண்டி அல்ல. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய டீசல் பிக்கப்தான். தவணை முடிந்துவிட்டது, எந்த ஊரிலும் வேலை பார்க்க ஆள் கிடைக்கும், பாரம் தாங்கும் என்பதால் அதை விட மனம் வருவதில்லை. அது தவறும் இல்லை. ஆனால் 8 ஆண்டைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது வண்டி ஒர்க்ஷாப் வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது.

அப்படிப் போய் வரும்போது ஏற்படும் ஒரு தொல்லையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறோம். நாமே ஓட்டிக்கொண்டு போய் விட்ட வண்டி, வேலை முடிந்து வந்த மறுநாள் ஸ்டார்ட் ஆவதில்லை. உடனே இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, மெக்கானிக்கோடு சண்டை. இரண்டாவது, ஆளுக்கு ஒன்று சொல்வதைக் கேட்டு பேட்டரி, செல்ப் மோட்டார், பம்ப் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போடுவது. முன்னதில் நல்ல வேலைக்காரரை இழக்கிறோம். பின்னதில் முதலை இழக்கிறோம். இரண்டுமே தேவையில்லை.

கணக்கு இடித்தால் எதைப் பார்ப்போம்?

இரவு கல்லாக் கணக்கு இடித்தால் நாம் என்ன செய்கிறோம்? நேற்று வரை கணக்கு சரியாக இருந்தது. ஆகவே இன்றைய வரவு செலவை மட்டும் வரி வரியாகப் பார்க்கிறோம். பத்து வருஷப் பேரேட்டை யாரும் புரட்டுவதில்லை.

வண்டிக்கும் அதே நியாயம்தான். ஒர்க்ஷாப்புக்குள் போகும்போது ஓடிய வண்டி, வெளியே வந்து ஓடவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் இடையில் கை பட்ட இடத்திலேயே இருக்கும். எனவே முதல் கேள்வி "என்ன கெட்டுப்போயிருக்கும்?" என்பதல்ல. "எதையெல்லாம் கழற்றி மாட்டினீர்கள்?" என்பதே முதல் கேள்வி. இதைக் கோபமில்லாமல் கேட்டால் மெக்கானிக்கும் மறைக்காமல் சொல்வார்.

அவர் சொல்லும் வேலையை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது. ஒரு வேலைக்காக வேறு எவற்றைக் கழற்ற வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உதாரணமாக, கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அதற்குமுன் பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். பல வண்டிகளில் செல்ப் மோட்டாரையும் கழற்றுவார்கள். அதோடு செல்ப்புக்குப் போகும் தடித்த வயர், மெல்லிய வயர், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை எல்லாம் கழன்று மறுபடி மாட்டப்படும். பில்லில் "கிளட்ச் பிளேட்" என்று ஒரே வரி இருக்கும். கை பட்ட இடமோ அரை டஜன் இருக்கும்.

வண்டி என்ன சொல்கிறது?

சாவியைத் திருப்பும்போது வண்டி மூன்று விதமாகப் பேசும். எந்த விதம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பார்க்கும் முன் கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட வேண்டும்.

முதலாவது, செல்ப் சுற்றவே இல்லை, அல்லது "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. இது கரண்ட் விவகாரம். டீசலுக்கு இதில் சம்பந்தமில்லை.

இரண்டாவது, செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. சைலன்சரில் புகையும் வரவில்லை. டீசல் இன்ஜினுக்குள் போகவில்லை என்று பொருள்.

மூன்றாவது, சுற்றுகிறது, வெள்ளைப் புகையும் தள்ளுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. டீசல் போகிறது, எரியவில்லை என்று பொருள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செல்ப் சுற்றாவிட்டால்

முதலில் பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது. அசைந்தால் அங்கேயே குற்றம். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து முடுக்க வேண்டும். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

அடுத்து பேட்டரியின் சார்ஜ். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. நிறைந்த பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி சார்ஜ் இல்லாமல் இருக்கலாம், அல்லது அதன் உயிர் போயிருக்கலாம். ஒர்க்ஷாப்பில் நான்கைந்து நாள் கதவு திறந்தபடி நின்ற வண்டியில் உள் விளக்கு எரிந்தே பேட்டரி இறங்கியிருப்பதும் உண்டு. அதற்குச் சார்ஜ் போட்டால் போதும், புதுப் பேட்டரி தேவையில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் "டக்" சத்தம் மட்டும் வந்தால் எர்த்தைப் பார்க்க வேண்டும். சத்தமே வராவிட்டால் செல்ப்பின் மெல்லிய வயர் மாட்டாமல் விடுபட்டிருக்கலாம், அல்லது பியூஸ் போயிருக்கலாம்.

எர்த்தைப் பற்றி எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். எங்கள் பிக்கப் ஒரு பொங்கலுக்கு முந்தி எப்.சி. வேலைக்குப் போயிற்று. கிளட்ச் பிளேட்டும் மாற்றி, சேஸிஸுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, பார்க்கப் பளபளவென்று சாயங்காலம் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் வெல்லம், பச்சரிசி, பருப்பு எல்லாம் ஏற்றிவிட்டோம். அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சிறு கடைக்காரர்கள் பொங்கல் சரக்குக்காகக் காத்திருந்தார்கள். பொங்கலுக்கு வெல்லம் மறுநாள் வந்தால் அது சரக்கல்ல, பாரம். சாவியைத் திருப்பினால் "டக்". மறுபடியும் "டக்".

ஒர்க்ஷாப்புக்குப் போன் செய்தோம். செல்ப் மோட்டார் போயிருக்கும், கழற்றிக் கட்ட வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பேட்டரி 12.6 காட்டியது. எங்கள் டிரைவர் பல காலம் லாரி ஓட்டியவர். அவர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "அண்ணாச்சி, செல்ப் மேல குத்தம் சொல்லாதீங்க. நேத்து வரைக்கும் அடிச்ச செல்ப்புதான். பெயிண்ட் வாசம் இன்னும் போகலை, முதல்ல எர்த்தைப் பார்ப்போம்" என்றார்.

ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் கடிக்க விட்டார். "இப்பத் திருப்புங்க தம்பி" என்று கிளீனர் பையனிடம் சொன்னார். செல்ப் கணீரென்று அடித்தது, இன்ஜினும் பிடித்துவிட்டது. பிறகு எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே பெயிண்ட். உப்புத்தாள் போட்டு இரும்பு வெளுக்கத் தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். கால் மணி நேர வேலை. ஏழரைக்கு வண்டி கிளம்பிவிட்டது.

இந்தச் சோதனை எல்லோராலும் செய்யக்கூடியது. கேபிள் போட்டால் அடிக்கிறது, எடுத்தால் அடிக்கவில்லை என்றால் குற்றம் எர்த்தில்தான். மீட்டர் இருந்தால் பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பாடிக்கும் வைத்து, செல்ப் அடிக்கும்போது பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் கெட்டிருக்கும்போது கரண்ட் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகப் போகும். அவை தொட்டால் சுடும். அதுவும் ஓர் அடையாளம்.

சுற்றுகிறது, புகை இல்லை

டீசல் பில்டர் மாற்றியிருந்தாலோ, டேங்க் கழுவியிருந்தாலோ, டீசல் பைப்பைத் தொட்டிருந்தாலோ முதல் சந்தேகம் "ஏர் பிடித்துவிட்டது" என்பதே. பைப்பில் காற்று புகுந்துவிட்டால் பம்ப் காற்றைத்தான் அமுக்கும், டீசலைத் தள்ளாது.

காற்றை எடுக்கும் முறை பழைய வண்டிகளில் எளிது. டேங்கில் போதுமான டீசல் இருக்க வேண்டும். பில்டர் தலையில் உள்ள சிறு திருகை ஒரு சுற்று தளர்த்தி, கைப் பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாமல் டீசல் வரும். வந்துகொண்டிருக்கும்போதே திருகை முடுக்கிவிட வேண்டும். பம்பில் தனியாகத் திருகு இருந்தால் அங்கும் அப்படியே செய்ய வேண்டும். அப்படியும் பிடிக்காவிட்டால், நாசிலுக்குப் போகும் பைப்புகளின் நட்டை நாசில் பக்கத்தில் சற்றுத் தளர்த்தி, செல்ப் அடித்து, டீசல் சிந்தியதும் முடுக்க வேண்டும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிந்தும் டீசலுக்கு அடியில் துணி வைக்க வேண்டும். கைப் பம்ப் திருகி மூடும் வகையாக இருந்தால் கடைசியில் இறுக மூட மறக்கக் கூடாது. அது தளர்ந்திருந்தாலும் காற்று இழுக்கும்.

காற்றை எடுத்த பிறகு ஓடி, இரவு நின்றபின் காலையில் மறுபடி அதே தொல்லை என்றால், எங்கோ காற்று இழுக்கிறது. பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருக்கலாம். பில்டரின் ரப்பர் வளையம் பிசகியிருக்கலாம். டேங்கிலிருந்து உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் ஓட்டை டீசலை வெளியே ஒழுக விடாமலேயே காற்றை உள்ளே இழுக்கும். ஆகவே "எங்கும் ஒழுகவில்லையே" என்று சொல்லி விட்டுவிட முடியாது.

டேங்க் கழுவிய வண்டி ஸ்டார்ட் ஆகி ஓரிரு நிமிடத்தில் நின்றுபோனால், டீசல் போகும் பைப்பும் திரும்பி வரும் பைப்பும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். பில்டரில் மிச்சம் இருந்த டீசல் தீரும்வரை ஓடி, பிறகு நின்றுவிடும்.

ஏர் இல்லை என்றால் டீசலை நிறுத்தும் கருவியைப் பார்க்க வேண்டும். கையால் இழுத்து ஆப் செய்யும் வண்டியில் ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பி வராமல் பாதியில் நின்றால் பம்ப் டீசல் விடாது. சாவியால் ஆப் ஆகும் வண்டியில் பம்பின் மேல் ஒரு சொலினாய்டு இருக்கும். சாவி போட்டதும் அதற்கு 12 வோல்ட் வர வேண்டும். அந்த ஒற்றை வயர் கழன்று தொங்குவதாலேயே பம்பை இறக்கிய கதைகள் உண்டு.

சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது

குளிர்ந்த காலையில் மட்டும் இப்படி என்றால், ஹீட்டர் பிளக் உள்ள வண்டிகளில் அதற்குக் கரண்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். செல்ப் மந்தமாகச் சுற்றினாலும் இன்ஜினில் சூடு ஏறாமல் வெள்ளைப் புகை தள்ளும். அப்படியானால் மறுபடி பேட்டரிக்கும் எர்த்துக்கும் வர வேண்டும்.

பம்பையோ, டைமிங் கியர் அல்லது பெல்ட்டையோ, ஹெட்டையோ கழற்றிய பின் இப்படி என்றால் கதை வேறு. டைமிங் பிசகியிருக்கலாம். கியரில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே போதும், டீசல் தவறான நேரத்தில் பாயும். இந்த இடத்தில் நாம் கை வைக்கக் கூடாது. வேலை பார்த்தவரையே கூப்பிட்டு, அடையாளக் குறிகளை நம் முன்னால் ஒத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை

தொடர்ந்து செல்ப் அடிக்கக் கூடாது. 10 முதல் 15 விநாடிக்குமேல் ஒரு தடவைக்கு வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல செல்ப்பும் சூடேறிப் போய்விடும். பிறகு உண்மையான குற்றம் எது, நாம் உண்டாக்கியது எது என்று பிரிக்க முடியாது.

டைமிங், ஹெட் வேலை முடிந்த வண்டி பிடிக்காவிட்டால் தள்ளியோ கட்டி இழுத்தோ ஸ்டார்ட் செய்யக் கூடாது. டைமிங் தவறியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து, சிறு வேலை பெரு வேலையாகிவிடும்.

பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து கரண்ட் எடுக்கும்முன் அது எத்தனை வோல்ட் என்று கேட்க வேண்டும். லாரிகளில் 24 வோல்ட் உண்டு. நம் பிக்கப் 12 வோல்ட். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு எரிந்துவிடும்.

வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் செல்ப்பை ஷார்ட் செய்வது பலருக்கும் பழக்கம். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும். ஒரு நாள் வியாபாரத்துக்காக டிரைவரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

மேலே சொன்னவை பழைய பம்ப் வண்டிகளுக்கே பொருந்தும். காமன் ரெயில் வகை இன்ஜின்களில் நாசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அதில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் ஏறும். டயருக்கு நாம் 50 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம் என்றால், இது 14,500 பி.எஸ்.ஐ. அந்த வேகத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்பட்ட பி.எஸ். 6 டீசல் வண்டிகளை ஸ்கேனர் வைத்துப் பார்ப்பவரிடமே விட வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது

வேலைக்கு விடும்போதே என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, நகல் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்க வேண்டும். எடுக்கும்போது நம் முன்னால் ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்று ஓட்டி, ஆப் செய்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முடிந்தால் வண்டியை அன்று இரவு அங்கேயே விட்டு, மறுநாள் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எடுப்பது உத்தமம். காற்று இழுப்பதும் எர்த் கோளாறும் சூட்டில் மறைந்து, குளிரில்தான் வெளிப்படும். பண்டிகைக்கு முந்தின நாள் எடுக்கும்படி எந்த வேலைக்கும் விடாமல், நான்கு நாள் முன்னதாகவே முடித்து வைப்பது நல்லது. கூலியில் ஒரு சிறு பகுதியை மறுநாள் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். பேசாமல் பிடித்து வைப்பது நாணயமல்ல.

எங்கள் வண்டிக்கு வேலை பார்த்த மெக்கானிக்கிடம் அன்று மாலையே விஷயத்தைச் சொன்னோம். பெயிண்ட் அடித்த பையன் போல்ட்டைத் தேய்க்காமல் மாட்டிவிட்டான் என்று ஒப்புக்கொண்டு, மற்ற எர்த் போல்ட்டுகளையும் தானே வந்து பார்த்துக் கொடுத்தார். இன்றும் அவரிடம்தான் விடுகிறோம். குற்றத்தைக் காட்டிச் சொன்னால் மனிதர்கள் திருத்திக்கொள்கிறார்கள். குற்றம் என்னவென்று தெரியாமல் கத்தினால், இரு பக்கமும் வீம்புதான் வளரும்.

ஒரு மல்டிமீட்டர், ஒரு ஜம்பர் கேபிள், ஒரு உப்புத்தாள், 10, 13, 17 நம்பர் ஸ்பானர்கள், இரண்டு மூன்று பியூஸ்கள். இவற்றை ஒரு சாக்குப் பையில் போட்டு டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும்படி நம் உறுப்பினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு நாள் வாடகை வண்டிக்குக் கொடுப்பதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு. இதுபோன்ற அனுபவம் உள்ள வணிகர்கள் தாங்கள் கண்ட கோளாறையும் அது தீர்ந்த விதத்தையும் நம் இதழுக்கு எழுதி அனுப்பினால் எல்லோருக்கும் பயன்படும்.